சக்கர நாற்காலிக்கு அடுத்த வரிசை

விமானத்தில் ஏற யாரும் அவசரப்படத் தேவையில்லை. முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் போய் இறங்குகிறோம். என் மனைவி கண்ணகி இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவள் ஒருமுறைகூட விமானத்தில் போனதில்லை. ஆனாலும் அவள் சொல்வது சரிதான்.

வெயிலில் வந்திருக்கிறீர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். விமான நிறுவனத்தின் விசாரணை என்றதும் சென்னையில் குளிரூட்டிய அறை ஒன்றில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஆரணியில், என் வீட்டுக் கூடத்தில், புடவைப் பெட்டிகளுக்கு நடுவே நடப்பது ஒரு வகையில் எனக்கு வசதி. மெதுவாகத்தான் சொல்வேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பெயர் இளவரசன். வயது முப்பத்தாறு. இங்கே நெய்கிற பட்டுப் புடவைகளை டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் பிடித்து வருவது என் வேலை. ஆறு வருடமாக, மாதத்துக்கு நான்கைந்து பயணம். கையில் எப்போதும் ஒரு பெட்டி, அதில் இருபது புடவை. அதை இருக்கைக்கு மேலே உள்ள அடுக்கில் படுக்கை வசமாக வைக்க வேண்டும். கடைசியில் ஏறினால் அங்கே இடம் இருக்காது. பெட்டியை வாங்கிச் சரக்கோடு சரக்காகக் கீழே போட்டுவிடுவார்கள். ஒருமுறை அப்படிப் போட்டதில் மடிப்பெல்லாம் கலைந்து, கடைக்காரர் முன்னால் பழைய துணி விற்பவனைப்போல நின்றேன். அதனால்தான் முன்னால் ஏற ஆசைப்பட்டேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு உங்கள் நிறுவனம் கொடுக்கும் அட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூன்றாவது வருடம் தங்க அட்டை வந்தது. அன்று சென்னையில் வாயில் அருகே உட்கார்ந்திருந்தேன். தங்க அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னாள். நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் எழுந்தேன். நீளமான கூடம். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வெயில். என் செருப்புச் சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது. இதுவரை யாரும் கால் வைக்காத ஒரு நாட்டுக்குள் நடந்துபோவதுபோல் இருந்தது. இந்த வரியை எழுத வேண்டாம்.

இதற்கு முன்பும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அப்பாவும் தருமன் சித்தப்பாவும் இங்கே ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர்கள். சித்தப்பா என்று கூப்பிடுவேனே தவிர ரத்த உறவு இல்லை, ஒரே தெரு. மில்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் எங்களுக்கும் அழைப்பு உண்டு. கடைசிப் பந்திக்கு. சொந்தக்காரர்கள், வியாபாரிகள், கணக்கர்கள், டிரைவர்கள் என்று எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவும்வரை பந்தலுக்கு வெளியே நிற்போம். யாரும் எங்களைத் துரத்தியதில்லை. எங்கள் முறை கடைசியில் வரும், அவ்வளவுதான். "கூப்புடுவாங்க, இரு" என்பார் அப்பா. நான் பசியில் அழ ஆரம்பித்தால் தருமன் சித்தப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "உள்ள இன்னும் எத்தினி எல கீதுன்னு எண்ணிச் சொல்றா" என்பார். எண்ணிக்கொண்டே இருப்பேன். எங்கள் முறை வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும்.

தங்க அட்டைக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களின் வரிசை.

நம் ஊர்ப் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போன பிறகு, அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது சக்கர நாற்காலியும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கால் நன்றாகவே இருக்கும். மொழி தெரியாது, எந்த வாயில் என்று தெரியாது. நாற்காலியைத் தள்ளுகிற ஊழியர் எல்லா இடமும் தாண்டிக் கொண்டுபோய் விமானத்துக்குள் உட்கார வைத்துவிடுவார். இதில் தப்பில்லை. ஆரணியில் முதல் முறை பறப்பவர்கள் என்னிடம்தான் டிக்கெட் போட வருவார்கள்; நானே அவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வரிசையின் முன்னால் அட்டையோடு நிற்கும்போது, சில நாள் எட்டு, சில நாள் பத்து நாற்காலிகள் எனக்கு முன்னால் உருண்டு போகும். டெல்லியில் இறங்கியதும் அதே ஆட்கள் எழுந்து, தங்கள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார்கள். "வானத்துல வைத்தியம் பாத்துட்டாங்க" என்று தங்க அட்டைக்காரர்கள் எங்களுக்குள் பேசிச் சிரிப்போம். எங்களுக்குள் என்றேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தருமன் சித்தப்பாவின் மகள் கலைமகள் டெல்லியில் நர்ஸ். பிப்ரவரியில் போன் செய்தாள். அவளுக்கு அப்போது எட்டாவது மாதம். அவளுடைய அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. குழந்தை பிறக்கும்போது அப்பாவாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

"ரயில்ல ஒன்றரை நாள் அவரால முடியாதுண்ணா. நீங்க வர்ற பிளைட்லயே கூட்டிகினு வந்துடுங்க. உங்க கையில ஒப்படைச்சிட்டா எனக்குப் பயமில்ல."

சரி என்றேன். இருவருக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டேன். அவருக்குச் சக்கர நாற்காலியும் கேட்டுப் பதிவு செய்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக எங்கள் தெருவில் நான் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை முதலில் கூப்பிடுவார்கள், கலெக்டரே வந்தாலும் எனக்குப் பின்னால்தான் என்று. சலூனில் உட்கார்ந்து தருமன் சித்தப்பா கிண்டல் செய்வார். "இன்னாடா இளவரசு, பைலட்டுக்கு முன்னாடியே ஏறி குந்திக்கிவியாமே? சாவி உன்னாண்டதான் கீதா?" கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர் இல்லை அவர்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் காரில் கிளம்பினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மடிப்புத் தெரிகிற புதுச் சட்டை. கையில் ஒரு துணிப்பை. பிறக்கப்போகும் குழந்தைக்காகத் தன் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசிக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்திருந்தார். புதுத்துணி குழந்தை உடம்பில் உறுத்தும் என்றார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மேகத்துக்கு மேலே போனால் மழை கீழேயிருந்து வருமா என்று கேட்டார்.

விமான நிலையத்தில் ஓர் ஊழியர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கூடவே நடந்தேன். வாயிலுக்கு வந்ததும் வழக்கம்போல எழுந்து வரிசையின் முன்னால் போய் நின்றேன். அன்று பத்து நாற்காலிகள் இல்லை. ஒன்றே ஒன்றுதான். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் முதலில் வரலாம் என்று அறிவித்தார்கள்.

என்னைத் தாண்டும்போது சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"தங்கம் நிக்குது, தகரம் முன்னாடி போவுது பார்றா! ஊருக்குப் போய் சலூன்ல சொல்றேன் இரு. தருமன் ஃபர்ஸ்ட்டு, இளவரசு நெக்ஸ்ட்டு!"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், வாரா வாரம் பார்க்கிற முகம், கோட்டுப் போட்டவர், அவரும் புன்னகைத்தார். அவருக்கு எந்த அளவு புரிந்தது என்று தெரியவில்லை. நான் சித்தப்பாவின் புதுச் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் குத்திய குண்டூசி ஒன்று அதில் அப்படியே இருந்தது.

மேசையருகே இருந்த பெண்ணிடம் போனேன். சட்டையில் சங்கீதா என்று பெயர் இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. "இவர் நடப்பாரும்மா. காலையில வீட்டுலேர்ந்து கார் வரைக்கும் நடந்துதான் வந்தாரு. நானே பார்த்தேன். நடக்கிறவங்கள எல்லாம் இப்படி முன்னாடி விட்டா நாங்க எதுக்கு வரிசையில நிக்கறோம்?" என்றேன். பின்னால் ஒன்றிரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

அவள் தயங்கினாள். பிறகு அவரிடம் போய்க் குனிந்து, "ஐயா, உங்களால நடக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். இறங்கு என்று அவள் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு எழுதுங்கள். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எழுந்திரு என்று கேட்டுப் பழகியவர் அந்தச் சொல் வரும்வரை காத்திருக்க மாட்டார். "நடப்பேம்மா, நல்லா நடப்பேன். புள்ளைங்கதான் ஏதோ சொல்லி வச்சிதுங்க. தப்பா நெனைக்காத" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, நாற்காலியை ஊழியரின் பக்கமாகத் தள்ளி வைத்தார். வரிசையின் கடைசி எங்கே என்று பார்த்து அங்கே நடந்தார்.

என்னைக் கடக்கும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. "நீ போ இளவரசு. நான் பின்னாடி வர்றேன். பின்னாடி வர்றது நமக்கு இன்னா புதுசா?" என்று சிரித்தார்.

நான் போனேன். விமானத்தடிக்குக் கொண்டுபோய் விடும் முதல் பேருந்தில் முதல் ஆளாக ஏறினேன். விமானத்தில் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பெட்டியைப் படுக்கை வசமாக வைத்தேன். மடிப்பு கலையவில்லை.

கடைசிப் பேருந்து வந்தபோது ஜன்னல் வழியாக ஏணிப்படியின் கீழ்ப்பாதி தெரிந்தது. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஏறினார். நான் எண்ணினேன். ஆறாவது படியில் நின்றார். பின்னால் ஆட்கள் இருந்தார்கள். அவர் ஓரமாக ஒதுங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போங்க போங்க என்று கையால் வழிகாட்டினார். எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் நன்றி சொன்னார் என்று நினைக்கிறேன், சித்தப்பா தலையசைத்தார். எல்லாரும் போன பிறகு படியில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பையிலிருந்து அந்த வெள்ளைச் சதுரங்கள் சரிந்து, படிகளிலும் தரையிலும் காற்றில் கொஞ்ச தூரம் போயின.

விமானத்துக்குள் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவர் எழுந்து ஓடினார். பிறகு, தருமன் என்ற பயணியோடு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் சொருகியிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் படித்தேன். உயிர்காப்பு உடுப்பை எப்படி ஊதுவது என்று அதில் படம் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது எழுந்தேன். நடுவில் நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடத்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று அந்த டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

அன்று மதியம் விமான நிலையத்தில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். "ஊழியர் கேட்டதன் பேரில் அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கலைமகள் அதைப் படித்துவிட்டுத்தான் புகார் கொடுத்தாள். சங்கீதாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள். இரண்டு மாதம் ஆகிறது.

சங்கீதா ஒரே ஒருமுறை எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "சார், நீங்கதான சார் சொன்னீங்க? வீட்ல நம்புறாங்க, ஆபீஸ்ல நம்ப மாட்டேங்கறாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

கலைமகளுக்குப் பெண் குழந்தை. அப்பா போன ஒன்பதாம் நாள் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறாள். "நீங்க கூட இருந்தீங்களேண்ணா. அப்பா அனாதையா போவல. அது ஒண்ணுதான் எனக்கு" என்கிறாள். குழந்தையின் சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் போனை அதன் அருகே வைக்கிறாள். கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ணகி வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறாள்.

இதுவரை சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சிலவற்றை விட்டுவிட்டேன். இப்போது அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் வீட்டிலிருந்து கார் வரைக்கும் அவர் நடந்து வந்தார் என்றேன். எங்கள் தெரு குறுகல், கார் முனையில்தான் நிற்கும். நூறடி தூரம். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மூக்கும் உதடும் நீலம் பாரித்திருந்தன. பையை நான் வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம்தான் சித்தப்பா என்று நான்தான் சொன்னேன்.

அடுத்தது பதிவு. சக்கர நாற்காலி கேட்கும்போது உங்கள் திரையில் மூன்று கட்டங்கள் வரும். தூரம் நடக்க முடியாதவர், ஆனால் படி ஏறுவார். படி ஏற முடியாதவர். அறவே நடக்க முடியாதவர். எதைப் போடுவது என்று கலைமகளிடம் கேட்டேன். வேலூரில் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவள் போனில் படித்துக் காட்டினாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, மாடிப்படி கூடவே கூடாது என்று அதில் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் நான்தான் குறி போட்டேன். அவர் விமானத்துக்குள் போக, நாற்காலியோடு தூக்கிவிடும் வண்டி வரும் என்று அவளுக்கு விளக்கிச் சொன்னதும் நான்தான்.

கடைசியாக, சங்கீதா தயங்கினாள் என்றேனே, சும்மா தயங்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"சார், இதுல படி ஏற முடியாதவர்னு இருக்கே. கூட வர்றவர்னு உங்க பேருதான் போட்டிருக்கு. நாற்காலி இல்லன்னா இன்னைக்கு பஸ்ல போய் படியில ஏறணும். ஏறுவாரா?"

"ஏறுவார்" என்றேன். "எங்க தெருக்காரர்தான். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அது பேருந்தில் போக வேண்டிய வாயில் என்பதும், படி எத்தனை என்பதும் தெரியும். அவர் செத்துப்போவார் என்று நினைக்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். மூச்சு வாங்குவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கட்டும் என்று நினைத்தேன். நான் உட்கார்ந்திருக்க, கடைசி ஆளாக, மூச்சிரைத்துக்கொண்டு அவர் என்னைத் தாண்டிப் பின்னால் போகட்டும் என்று நினைத்தேன். சலூனில் சொல்ல அவரிடம் ஒன்றும் மிஞ்சக் கூடாது. இதற்காகத்தான் தருமனை நாற்காலியிலிருந்து இறக்கினேன். இறக்கியது நான். கொன்றது நான் என்று எழுத உங்கள் தாளில் இடம் இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். சங்கீதாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். போலீசுக்கு அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். இத்தனை நாள் இதைச் சுமந்ததில் நான் பழைய ஆள் இல்லை. அந்த மனிதன் போய்விட்டான். இனி வரிசை, அட்டை, முன்னால், பின்னால் எதுவும் எனக்குப் பொருட்டில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கலைமகளிடம் நேரில் பேசித் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று சங்கீதா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். நாளை அதற்கு அனுமதி கொடுக்கப்போவதாகவும் சொன்னீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். கலைமகளிடம் இதை முதலில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பெண் எனக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொள்ளட்டும்.